ஒரு லத்வியச் சொல்லும் ஒரு விடுகைப் பத்திரமும்

நீளமான பதிவு இது. அவசரத்தில் இருப்பவர்கள் இரவைக்கு ஆறுதலாக வாசியுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். இந்தப் பதிவில் "நான்" வராது. சுமார் பன்னிரண்டு வருடங்களுக்கு முன்னர் எங்கள் பாடசாலை ஓய்வறையில் ஒரு மேசையைச் சுற்றி மூன்று ஆசிரியர்கள் இருந்து ஒரு மாணவர் விடுகைப் பத்திரத்தை நிரப்பினோம். பேனையைப் பிடித்தது ஒரு கைதான். ஆனால் எழுதியது மூவரும் சேர்ந்து. அதனால் கடைசிவரை "நாங்கள்"தான்.

பையனின் பெயர் வேண்டாம். ஊரில் உள்ளவர்களுக்கு வாசிக்கும்போதே விளங்கும். சாதாரண தரப் பரீட்சையில் கணிதமும் இன்னும் இரண்டு பாடங்களும் சித்தியடையாமல் போனவன். வாப்பா கடலுக்குப் போகிறவர், அந்த வருடம் நோயில் படுத்துவிட்டார். உம்மா மகனைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து, "இன்னொருக்கா எழுத வெச்சுப் பாப்பமா சேர்?" என்று கேட்டார்.

நாங்கள் பெறுபேற்றைப் பார்த்தோம். வரவுப் பதிவேட்டைப் புரட்டினோம். வரவு மிகக் குறைவு. ஏன் குறைந்தது என்று கேட்கவில்லை. வாப்பா படுத்த பிறகு விடியற்காலையில் கரைவலை இழுக்கப் போனவன் அவன் என்பது பல வருடங்களுக்குப் பிறகுதான் தெரிய வந்தது.

"இவன் படிக்கிற பிள்ளை இல்ல உம்மா. நேரத்த வீணாக்காம எங்கயாச்சும் ஒரு வேலை பழக விடுங்க" என்றோம். பத்திரத்தில் விலகும் காரணம் என்று ஒரு கட்டம் இருக்கும். அதில் "கற்றலில் ஆர்வமின்மை" என்று எழுதினோம். அதிபர் ஒப்பமிட்டார். அந்தப் பையன் பத்திரத்தை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போனது இன்றைக்கும் கண்ணுக்குள் நிற்கிறது.

போனவன் பிரதான வீதியில் ஒரு கராஜில் சேர்ந்தான். இன்று அவருக்குச் சொந்தமாக ஒரு கராஜ் இருக்கிறது. நாலு பேர் அவரிடம் வேலை செய்கிறார்கள். எங்கள் மூவருடைய மோட்டார் சைக்கிள்களும் அவருடைய கையால்தான் ஓடுகின்றன. அவருடைய தம்பியும் எங்களிடம்தான் படித்தார். தம்பி கெட்டிக்காரன், கணிதப் பிரிவு. வெட்டுப்புள்ளிக்குக் கொஞ்சத்தில் தவறிப்போனார். காக்கா அவரை லத்வியாவுக்கு அனுப்பினார், தலைநகர் ரீகாவுக்கு. ரீகாவில் இப்போது நம் நாட்டுப் பிள்ளைகள் கொஞ்சப் பேர் படிக்கிறார்கள். முதலாம் வருடக் கட்டணம் முழுவதும் கராஜில் இருந்து போனது. இப்போது தம்பியும் பகுதி நேர வேலை செய்கிறார். அவருக்கு அங்கே வாரத்துக்கு 20 மணித்தியாலந்தான் அனுமதி.

இனி சொல்லுக்கு வருவோம்.

பால்டிக் கடலோரத்தில் உள்ள சின்ன நாடு லத்வியா. சனத்தொகை 20 இலட்சத்துக்கும் குறைவு. அவர்களுடைய மொழிக்கு உயிரோடு இருக்கும் நெருங்கிய சொந்தம் ஒன்றே ஒன்றுதான், பக்கத்து நாட்டு லித்துவேனிய மொழி. மற்றைய பால்டிக் மொழிகள் எல்லாம் மறைந்துபோயின. தம்பி போன புதிதில் மொழி வகுப்பில் முதலில் சொல்லிக் கொடுத்த வசனங்களில் ஒன்றைக் குரல் பதிவாக எங்களுக்கு அனுப்பினார். "எஸ் ஸ்துதேயு." நான் படிக்கிறேன். வினையின் பெயர் "ஸ்துதேத்". இங்கே வருகிற 'த' ஆங்கிலக்காரரின் நாக்கு மேலண்ணத்தில் தட்டும் ஒலி போன்றதில்லை. நம்முடைய 'த' மாதிரியே நாக்கு பல்லில் பட்டு வரும். அந்த ஓர் எழுத்தால் நம் பிள்ளைகள் வகுப்பில் பாராட்டு வாங்குகிறார்களாம்.

தமிழ் படிப்பிக்கிறவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. எந்தச் சொல்லைக் கண்டாலும் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் நித்திரை வராது. தம்பியிடம் கேட்டோம். அவர் தேடித் தேடி அனுப்பினார். நாங்களும் இங்கிருந்து தேடினோம். இப்படியே ஒரு ஏழெட்டு மாதம் போனது.

"ஸ்துதேத்" லத்வியரின் சொந்தச் சொல் இல்லை. ஜேர்மன் மொழியின் "ஸ்டுடீரென்" என்ற வினையில் இருந்து வந்தது. ஜேர்மனில் "ஈரென்" என்று முடிகிற வினைகளை லத்வியர் எடுக்கும்போது அந்த வாலை வெட்டிவிட்டு "ஏத்" என்று ஒட்டிக்கொள்வார்கள். படம் பிடித்தல், தொலைபேசியில் பேசுதல், ஒழுங்கமைத்தல் எல்லாவற்றுக்கும் இதே அச்சுத்தான். ஜேர்மன்காரருக்கு அது இலத்தீனில் இருந்து வந்தது. இலத்தீனில் "ஸ்துதேரே". வேடிக்கை என்னவென்றால், ஜேர்மன் வாலை வெட்டியதால் லத்வியச் சொல் தன்னையறியாமல் பாட்டனாரின் முகத்துக்குப் பக்கத்தில் போய்விட்டது.

இலத்தீனில் அந்தச் சொல்லுக்கு ஆரம்பத்தில் புத்தகத்தோடு சம்பந்தமே இல்லை. ஒன்றின் மேல் ஆர்வம் கொள்வது, அதன் பின்னால் முனைந்து போவது, ஓர் ஆளுக்கு ஆதரவாக நிற்பது, இவைதான் பொருள். அதற்கும் அடியில் இடித்தல், தள்ளுதல் என்ற வேர் இருப்பதாக வேர்ச்சொல் ஆராய்ச்சிக்காரர் சொல்கிறார்கள். ஒன்றை நோக்கித் தன்னைத் தானே தள்ளிக்கொண்டு போவது என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல்களைப் படிப்பது என்ற பொருள் பின்னால் வந்து ஏறிக்கொண்டது.

ஆக அடிப்படையில் அந்தச் சொல்லுக்கு அர்த்தம் ஆர்வம். அன்றைக்கு அதை வாசித்தபோது எங்கள் ஒருவருக்கும் விடுகைப் பத்திரம் ஞாபகம் வரவில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஜேர்மன் சொல் எப்படி அங்கே போனது? ரீகா நகரமே 1201இல் ஜேர்மன்காரர் நிறுவியது. அதற்குப் பிறகு போலந்து ஆண்டது, சுவீடன் ஆண்டது, ரஷ்யப் பேரரசு ஆண்டது. மேலே கொடி மாறினாலும் காணி, தேவாலயம், வியாபாரம் மூன்றும் பெரும்பாலும் ஜேர்மன் மொழி பேசுகிறவர்களின் கையில்தான் இருந்தன. லத்வியர் அந்தக் காணிகளில் அடிமைக் குடிகள். அடிமை முறை குர்லாந்துப் பகுதியில் 1817இலும் லிவோனியாவில் 1819இலும் ஒழிந்தது. கிழக்கே லத்கலே பகுதியில் 1861 வரை இருந்தது. ஒழிந்த பிறகும் காணி உடனே கிடைக்கவில்லை. படிப்பும் உடனே கிடைக்கவில்லை. தப்பித் தவறிப் படித்து மேலே வந்த ஒரு குடியானவன் மகன் அதோடு ஜேர்மன்காரன் ஆகிவிடுவான். மொழி மாறும், சில வேளை பெயரும் மாறும். படித்த லத்வியன் என்றால் நீருக்குள் நெருப்பு என்பது போல ஒரு பேச்சு.

அந்தப் பேச்சை ஒரு கதவு கலைத்தது. தார்ப்பாத் என்று அப்போது அழைக்கப்பட்ட ஊரில், இன்றைக்கு அது எஸ்தோனியாவில் உள்ள தார்த்து, ஜேர்மன் மொழியில் நடந்த ஒரு பல்கலைக்கழகம் இருந்தது. அங்கே 1854இல் கிரிஷ்யானிஸ் வல்தேமார்ஸ் என்பவர் சேர்ந்தார். 1825இல் பிறந்தவர், அதாவது சேரும்போது வயது முப்பதை நெருங்கிவிட்டது. அதற்கு முன்னர் கிராம அலுவலகங்களில் எழுத்தர் வேலை பார்த்தவர். அவர் தன் அறைக் கதவில் ஒரு பெயரட்டையைக் குத்தினார். பெயர், பிறகு "ஸ்துத்" என்ற சுருக்கம், பிறகு தான் படிக்கும் அரச பொருளாதாரத் துறையின் சுருக்கம், கடைசியில் ஒரு சொல்: லத்வியன்.

அவ்வளவுதான். இன்றைக்கு அது சாதாரண விசிட்டிங் கார்ட். அன்றைக்கு அந்த இரண்டு சொற்களும் ஓர் அட்டையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே வழக்கமில்லை. லத்விய வரலாற்றுப் பாடங்களில் இந்தப் பெயரட்டை இன்றைக்கும் சொல்லப்படுகிறது. பின்னாளில் 1919இல் ரீகாவில் லத்வியரின் சொந்தப் பல்கலைக்கழகம் திறந்தபோது "ஸ்துதேத்" என்ற சொல் முழுக்க லத்விய வாயில் புழங்கத் தொடங்கியிருந்தது.

இப்போது அந்தச் சொல்லை எங்கே பாவிக்கலாம், எங்கே பாவிக்கக் கூடாது? இங்கேதான் தம்பி மாட்டிக்கொண்டார்.

பல்கலைக்கழகத்தில், உயர்கல்வி நிறுவனத்தில் இருந்தால் மட்டுமே "ஸ்துதேத்". மருத்துவம் படிக்கிறேன், சட்டம் படிக்கிறேன், எல்லாம் இந்த வினைதான். இளமாணி, முதுமாணி, கலாநிதி எல்லோரையும் ஒரே வீச்சில் குறிக்க இதே வினையில் இருந்து "ஸ்துதேயொஷியெ" என்று ஒரு சொல் அவர்களுடைய உயர்கல்விச் சட்டத்தில் இருக்கிறது. படித்துக்கொண்டிருப்பவர்கள் என்று பொருள். இன்னொரு பாவனையும் உண்டு. ஒரு வரைபடத்தை, ஓர் ஆவணத்தை உற்று உற்றுப் பார்ப்பதற்கும் இதே வினைதான். ஆனால் பாடசாலைப் பிள்ளையைப் பார்த்து "ஸ்துதே" என்று சொல்ல மாட்டார்கள். சொன்னால் சிரிப்பார்கள். பாடசாலைப் பிள்ளை செய்வதற்கு வேறு சொல்: "மாத்ஸீத்தியெஸ்".

இது அவர்களுடைய சொந்தச் சொல். எழுத்து, கணக்கு, நீச்சல், சமையல், சாரத்தியம், பிற மொழி எதைக் கற்றாலும் இதுதான். ஆயுள் முழுக்க வாழ், ஆயுள் முழுக்கக் கற்றுக்கொள் என்று அவர்களிடம் ஒரு பழமொழி இருக்கிறது. அதிலும் இந்த வினைதான்.

தம்பி ஒரு விசயத்தைக் கவனித்து எழுதியிருந்தார். லத்விய நண்பர்கள் தாங்கள் யார் என்று சொல்லும்போது "ஸ்துதேயு" என்பார்கள். நாளைக்குப் பரீட்சை, இரவு முழுக்க விழித்திருந்து படிக்க வேண்டும் என்று சொல்லும்போது மட்டும் "மாத்ஸீத்தியெஸ்" என்பார்கள். பதிவு செய்திருப்பதற்கு ஒரு சொல், உண்மையில் இருந்து படிப்பதற்கு இன்னொரு சொல். நம் வகுப்பறைகளிலும் இந்த இரண்டு சொல்லும் தேவைப்படும் போலிருக்கிறதே என்று ஓய்வறையில் சிரித்தோம்.

சிரித்துவிட்டு யோசித்தால், நம்மிடமும் பிரிவினை இல்லாமலா? நம் ஊர்ப் பிள்ளை பாடசாலையில் படிக்கிறது. பின்னேரம் மத்ரஸாவில் ஓதுகிறது. "மகன் என்ன செய்றார்?" "மௌலவிக்கு ஓதுறார்." அங்கே படிக்கிறார் என்று சொன்னால் ஏதோ குறை மாதிரி இருக்கும். மூன்றாவது ஒன்று இருக்கிறது. மேசன் வேலை பழகுறான், தையல் பழகுறான், கராஜில வேலை பழகுறான். பழகுகிறவனை யாரும் படிக்கிறான் என்று சொல்வதில்லை. "படிக்கல்ல, வேலை பழகுறான்" என்றுதான் வரும். அந்த "படிக்கல்ல" எப்போதும் முன்னால் வந்து நிற்கும். மனிதர்களோடு பழகுவதற்கும் அதே சொல்தான் என்பது வேறு கதை.

லத்விய மொழியில் "மாத்ஸீத்தியெஸ்" இந்த மூன்றையும் ஒரே பாயில் இருத்துகிறது. சமையல்காரராக, மெக்கானிக்காக வருவதற்குக் கற்கிறான் என்று சொல்லவும் அதே வினைதான், "பர்" என்ற ஓர் இடைச்சொல் மட்டும் சேரும்.

சரி, தம்பி மாட்டிக்கொண்ட கதை. இரண்டாம் வருட மொழி வகுப்பு. பாடம்: குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள். வகுப்பை எடுப்பவர் வயதான ஒரு பெண்மணி. காக்கா என்ன செய்கிறார் என்று தம்பியிடம் கேட்டிருக்கிறார். தம்பி யோசித்து யோசித்து வசனம் கட்டினார். காக்கா பல்கலைக்கழகம் போகவில்லை, ஆகவே "ஸ்துதேத்" சரிவராது. பாடசாலையையும் இடையில் விட்டவர். அதனால் மற்ற வினைக்கு முன்னால் "நெ" என்ற எதிர்மறையைப் போட்டு, "அவர் கற்கவில்லை. வாகனத் திருத்துமிடத்தில் வேலை செய்கிறார்" என்று சொல்லியிருக்கிறார்.

அந்த அம்மையார் விளங்காதது போலப் பார்த்தாராம். பிறகு கேட்டார்: "வை வின்ஷ் மாக்?" அவருக்குத் தெரியுமா, அவரால் வாகனத்தைத் திருத்த ஏலுமா?

"மாக்" என்றார் தம்பி. நல்லாத் தெரியும்.

"அப்போ கற்றிருக்கிறார்தானே" என்று சொல்லிவிட்டு அவர் பலகையில் மூன்று வினைகளை ஒன்றின் கீழ் ஒன்றாக எழுதினாராம். மாத்ஸேத். மாத்ஸீத். மாத்ஸீத்தியெஸ்.

"மாத்ஸேத்" என்றால் ஒன்றைச் செய்யத் தெரிந்திருத்தல், கைவரப் பெற்றிருத்தல். "மாக்" என்பது அதன் நிகழ்கால வடிவம். "மாத்ஸீத்" என்றால் கற்பித்தல், அதாவது இன்னொருவரைச் செய்யத் தெரிந்தவராக ஆக்குதல். "மாத்ஸீத்தியெஸ்" என்பது அதன் வாலில் தன்னைத் தானே என்ற பொருள் தரும் ஒட்டைச் சேர்த்தது. தன்னைச் செய்யத் தெரிந்தவராக ஆக்கிக்கொள்ளுதல். அரபு தெரிந்தவர்களுக்கு இது உடனே பிடிபடும். அல்லம என்றால் கற்பித்தான், தஅல்லம என்றால் கற்றான், கற்பித்தலைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டது. அதே வேலைதான் இங்கே. வித்தியாசம் என்னவென்றால் அரபு வேரில் இருப்பது அறிவு, லத்விய வேரில் இருப்பது இயலுகை.

இந்தக் குடும்பம் பெரியது. எங்களுக்குப் பிடித்தவற்றை மட்டும் சொல்கிறோம். "மாத்ஸெக்லிஸ்" என்றால் தொழில் பழகும் பையன், சீடன் என்றும் பொருள். "மாத்ஸீத்தாய்ஸ்" என்று சொல்லின் அமைப்பைப் பார்த்தால் கற்பிப்பவர். ஆனால் பாவனையில் அவர் ஆசிரியர் இல்லை, லூதரன் தேவாலயத்தின் போதகர். நம் ஊரில் ஓதிக் கொடுக்கிற லெவ்வை மாதிரி. பாடசாலை ஆசிரியருக்கு "ஸ்குவோலா" என்ற இரவல் சொல்லில் இருந்து வேறு பெயர் கட்டினார்கள். அந்த "ஸ்குவோலா" ஜேர்மன், இலத்தீன் வழியாகப் போய் கிரேக்கத்தில் முடிகிறது. அங்கே அதற்குப் பொருள் ஓய்வு நேரம். வேலை இல்லாதவனுக்குத்தான் படிப்பு என்று அந்தக் காலத்திலேயே சொல்லிவிட்டார்கள். கரைவலை இழுத்துவிட்டு வருகிற பிள்ளைக்கு அந்த ஓய்வு எங்கே?

முன்னொட்டுச் சேர்த்தால் இன்னும் சுவை. "இயெ" சேர்த்தால் கற்று முடித்துக் கைவரப் பெறுதல். "மாத்ஸீயுவஸ், பெத் நெஇயெமாத்ஸீயுவஸ்": கற்றேன், ஆனால் கைவரவில்லை. பெறுபேறு வருகிற அன்று எத்தனை பிள்ளைகளுக்கு இந்த வசனம் உதவும்! "பார்" சேர்த்தால், மிகையாகக் கற்பித்தல் என்று நீங்கள் நினைப்பீர்கள். இல்லை. தண்டித்துத் திருத்துதல். பழைய ஆசிரியர்களின் பிரம்பு ஞாபகம் வந்தது. எங்களுடையதும்.

இந்தப் பகுதியில் எங்களைத் தூக்கிப் போட்டது பக்கத்து வீட்டு லித்துவேனிய மொழிதான். அங்கே இதே வேரில் "மொகேத்தி" என்று ஒரு வினை. செய்யத் தெரிந்திருத்தல் என்று பொருள். அதே வினைக்கு இன்னொரு பொருள், காசு கொடுத்தல், கட்டணம் செலுத்துதல். இரண்டும் ஒரே சொல். கட்ட முடிந்தவன், செய்ய முடிந்தவன் இரண்டு பேரையும் இயலுகை என்ற ஒரே வேர் பிடித்துக்கொள்கிறது போலும். லத்விய மொழியில் காசு கட்டுவதற்கு வேறு சொல், அது வடக்கே உள்ள பின்னிய மொழிகளில் இருந்து வந்தது. ஆனால் லித்துவேனியாவில் ஒருவர் கராஜ்காரக் காக்காவைப் பற்றிச் சொல்ல நினைத்தால் ஒரே வினையை இரண்டு தடவை சொன்னால் போதும். அவருக்குத் தெரியும். அவர் கட்டுகிறார்.

வல்தேமார்ஸ் கதையில் ஒரு மிச்சம் இருக்கிறது, அதை விட்டால் பாவம். கதவில் "ஸ்துத்" என்று குத்திய அந்த மனிதர் பட்டம் முடித்த பிறகு, அவருடைய மக்கள் எல்லோரும் தார்ப்பாத்துக்குப் போக வேண்டும் என்று சொல்லவில்லை. கடலைக் காட்டினார். லத்வியருக்கும் எஸ்தோனியருக்கும் கரையோரம் இருக்கிறது, கப்பலோட்டப் பழகுங்கள் என்றார். 1864இல் ஐனாஜி என்ற கரையோர ஊரில் ஒரு கடலோட்டப் பாடசாலை திறந்தது. அதற்குப் பின்னால் நின்றவர்களில் முதன்மையானவர் அவர். கட்டணம் இல்லை. பாடம் ஜேர்மன் மொழியில் இல்லை, பிள்ளைகளின் சொந்த மொழிகளிலேயே நடந்தது. மீன்பிடிகாரர், குடியானவர் வீட்டுப் பையன்கள் அங்கே போய்க் கப்பல் தலைவர்களாக வெளியே வந்தார்கள். இன்றைக்கு அது நூதனசாலை. பெரிய சொல்லைக் கதவில் குத்தியவர் சின்னச் சொல்லுக்குத்தான் கட்டடம் எழுப்பினார். கரையோர ஊரில் இருந்துகொண்டு இதை வாசிக்க எங்களுக்கு ஒரு மாதிரியாக இருந்தது.

தம்பியின் அந்தக் குரல் பதிவு வந்தது ஒரு வியாழக்கிழமை. மூவரும் ஓய்வறையில் கேட்டோம். கேட்டு முடிந்ததும் கணித ஆசிரியர்தான் முதலில் பேசினார். "நாம என்ன எழுதின?" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. பாடசாலைப் பிரதிகள் இருக்கும் அலுமாரியைத் திறந்து பார்த்தோம். எங்கள் எழுத்தேதான். கற்றலில் ஆர்வமின்மை.

அஸர் தொழுதுவிட்டு மூவரும் கராஜுக்குப் போனோம். காக்கா ஒரு வானின் கியர்ப் பெட்டியை இறக்கி வைத்திருந்தார். கை இரண்டும் கிரீஸ். எங்களைக் கண்டதும் எழும்பப் பார்த்தார். இருக்கச் சொல்லிவிட்டு, போனை அவருடைய காதுக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டு பதிவைப் போட்டோம். தம்பியின் குரல் கேட்டதும் முகம் மலர்ந்தது. முடிந்ததும் இன்னொருக்கா போடச் சொன்னார்.

"மாக் எண்டா என்ன சேர்?"

"தெரியும். செய்ய ஏலும்."

"ம்."

கொஞ்ச நேரம் கியர்ப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பத்திரத்தைப் பற்றி நாங்கள் பேச்செடுத்தோம். மன்னிப்புக் கேட்பது எப்படி என்று எங்களுக்குப் பழக்கமில்லை, வகுப்பில் கேட்க வைத்துத்தான் பழக்கம். ஏதோ தட்டுத் தடுமாறிச் சொன்னோம். அவர் சிரித்துவிட்டு, "அது உங்கட பிழை மட்டும் இல்ல சேர், கணக்கு எனக்கு ஏறல்லதான்" என்றார். பிறகு, "ஆனா ஆர்வம் இருந்த" என்றார். சொல்லிவிட்டு வானுக்குக் கீழே குனிந்து, "பதினாலு ஸ்பனர எடுடா" என்று சத்தம் போட்டார்.

ஸ்பனரை எடுத்துக்கொண்டு வெளியே வந்த பையனைக் கண்டு நாங்கள் திகைத்தோம். இந்த வருடம் தரம் 11. இரண்டு மாதமாகப் பாடசாலைக்கு வராதவன். எங்களைக் கண்டதும் அவனும் திகைத்துப்போய் நின்றான்.

அவனுடைய விடுகைப் பத்திரம் இப்போது எங்கள் மேசையில் இருக்கிறது. வகுப்பாசிரியர் வீட்டுக்குப் போய் உம்மாவைக் கண்டு, வரவு ஏன் குறைந்தது என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறார். அந்தக் காரணத்தை இங்கே எழுத ஏலாது. பரீட்சை வரைக்கும் காலையில் பாடசாலை, பின்னேரம் கராஜ் என்று காக்காவோடு பேசி வைத்திருக்கிறோம். பரீட்சை சரிவராவிட்டாலும் 13 வருட உத்தரவாதக் கல்வியில் தொழிற்பிரிவு இருக்கிறது. அது 2017இல் தொடங்கியது. காக்காவின் காலத்தில் இருக்கவில்லை. பத்திரத்தின் கட்டம் இன்னும் வெறுமையாகத்தான் இருக்கிறது. நிரப்பாமலே கிழித்துப் போட வாய்ப்புக் கிடைக்கும் என்று நம்புகிறோம், இன்ஷா அல்லாஹ்.

இன்னொரு விசயத்துக்காகத்தான் இந்தப் பதிவு. வருடக்கணக்காக ஒரு தொழிலைச் செய்து அனுபவம் உள்ளவர்களுக்கு, வகுப்புக்குப் போகாமலே அவர்களுக்குத் தெரிந்ததைப் பரிசோதித்து என்.வி.கியூ. சான்றிதழ் கொடுக்கும் முறை நம் நாட்டில் இருக்கிறது. காக்காவை அதற்கு விண்ணப்பிக்க வைக்க வேண்டும். மோட்டார் வாகனத் துறையில் அப்படி எடுத்தவர்கள், மதிப்பீட்டாளர்களைத் தெரிந்தவர்கள் உள்பெட்டியில் எழுதுங்கள். ஆவணங்களை நாங்கள் மூவரும் தயார் செய்து கொடுப்போம்.

சொன்னபோது அவர் முதலில் கேட்ட கேள்வி, "எழுத்துப் பரீட்சை இருக்கா சேர்?" செய்து காட்டுவதுதான் பெரும்பகுதி என்றோம்.

"அப்ப பாப்பம்" என்றார்.